மறைந்த ஆண்டு

ஆவணக் காப்பகத்தின் மேசையில் ஏழு நோட்டுகளை வைத்து, இவற்றையும் தன் பெட்டியில் சேர்க்க வேண்டும் என்றார் குமுதவல்லி. பதினோரு வருடங்களுக்கு முன் தன் நாட்குறிப்புகளை இங்கே ஒப்படைத்தவர் அவர். வேலைக்குப் புதிதாக வந்திருந்த பிருந்தா, உள்ளேயிருந்து எடுத்து வந்த பெட்டியின் அட்டையைப் பார்த்துத் திகைத்தாள்.

"சேர்க்க முடியாதுங்க மேடம். இது மறைந்தவங்க தொகுப்பு, மூடியாச்சு."

"நான் செத்துட்டேன்னு யாரும்மா சொன்னது?"

"நீங்கதான். ஆறு மாசம்தான் இருக்குன்னு நாட்குறிப்புகளோட குடுத்த கடிதத்துல எழுதியிருக்கீங்க. அதை வச்சு அட்டையில மறைஞ்ச வருஷத்தைப் போட்டுட்டாங்க."

"அது டாக்டர் சொன்னது. அவரு போயே நாலு வருஷமாச்சு."

பிருந்தாவுக்குச் சிரிப்பு வந்தது. குமுதவல்லி சிரிக்கவில்லை, நோட்டுகளின் மேலிருந்த கையையும் எடுக்கவில்லை.

"அந்தப் பெட்டியில சாகப்போற பொம்பளைதாம்மா இருக்கா. அதுக்கப்புறம் நான் நீச்சல் கத்துக்கிட்டேன். அதெல்லாம் இதுலதான் இருக்கு."

காப்பகத்துக்குள் பேனாவுக்கு அனுமதி இல்லை. அட்டையில் இருந்ததெல்லாம் பென்சில் எழுத்துதான். பிருந்தா ரப்பரை எடுத்தாள். பிறந்த ஆண்டையும் அதையடுத்த சிறு கோட்டையும் விட்டுவிட்டு, கோட்டுக்கு அப்பால் இருந்த நான்கு எண்களை மட்டும் அழித்தாள். துகள்களை ஊதினாள். பிறகு, இன்னும் பெரிய பெட்டி ஏதாவது இருக்கிறதா என்று பார்க்க உள்ளே போனாள்.