வலது காலின் அளவு

சொரைதா காகிதத்தைப் பிரித்து, கண்ணாடி மேசைமேல் வைத்து, மடிப்பைக் கட்டைவிரலால் தேய்த்தாள்.

கியூபாவிலிருந்து கடல் தாண்டி வந்தவர்கள் வாழும் ஹயலியாவில் ஷூ விற்பவர்களிடம் யாரும் எண் சொல்வதில்லை. ஹவானாவிலிருந்து காகிதம் வரும். அதன்மேல் காலை வைத்துப் பேனாவால் சுற்றி வரைந்திருப்பார்கள். அதை வெட்டி ஷூவுக்குள் விட்டுப் பார்ப்பார்கள். போனில் படம் எடுத்து அனுப்பினால் கால் சிறுக்கும், பெருக்கும். காகிதம் மாறாது.

இந்தக் காகிதம் நேற்று வந்தது. ஹவானா போய்த் திரும்பிய பக்கத்து வீட்டுக்காரர் சட்டைப்பையில் வைத்துக் கொண்டுவந்தார். என் மகன் யாஸ்னியலின் வலது கால்.

என் விமானம் ஏப்ரல் பதினொன்று காலையில். எட்டு வருடம் முடிந்து இரண்டாம் நாள்.

நான் டாக்டராக இருந்தேன். அரசாங்கம் வெனிசுவேலாவுக்கு வேலைக்கு அனுப்பியது. அங்கிருந்து எல்லை தாண்டி ஓடினேன். அப்படி ஓடியவன் எட்டு வருடம் கியூபாவுக்குள் நுழைய முடியாது. விட்டு வந்தபோது பையனுக்கு ஒன்பது வயது. அவன் அம்மா அதற்கு முன்பே ஓர் இத்தாலிக்காரனோடு போயிருந்தாள். என் அக்கா மிக்தாலியாதான் வளர்த்தாள். இப்போது பதினேழு.

இங்கே ஒரு மருத்துவமனையில் நோயாளிகளை வண்டியில் வைத்துத் தள்ளுகிறேன். அதைப் பற்றிச் சொல்ல எதுவும் இல்லை.

ஜூனில் அவனைக் கட்டாயப் பட்டாளத்துக்கு எடுத்துக்கொள்வார்கள். அதற்குமுன் ஒரு தடவை அவன் முகத்தைப் பார்த்துவிட வேண்டும். திட்டம் அவ்வளவுதான். மற்றதெல்லாம் மூட்டை.

விமானத்தில் மூட்டைக்கு எடைக் கணக்கு உண்டு. உடம்பில் போட்டிருப்பதற்குக் கிடையாது. ஆகவே மூன்று கால்சட்டை, நான்கு சட்டை, இரண்டு தொப்பி போட்டுக்கொண்டு ஏறுவேன். எல்லோரும் அப்படித்தான் ஏறுகிறார்கள், குண்டாகப் போய் ஒல்லியாகத் திரும்புகிறார்கள்.

அக்காவுக்கு நான் வருவது பிடிக்கவில்லை.

"ஏப்ரல் வேணாண்டா. கரண்டும் இல்ல, தண்ணியும் இல்ல. டிசம்பர்ல வா. பன்னி கெடச்சா அடிப்போம்" என்றாள் ஒரு நாள். அவனிடம் போனைக் கொடு என்றால் தூங்குகிறான் என்பாள். டோமினோ ஆடப் போய்விட்டான் என்பாள்.

அவனுக்கு என்னோடு பேசப் பிடிக்கவில்லை என்று எடுத்துக்கொண்டேன். ஒன்பது வயதில் விட்டுப்போனவனிடம் பேசாமலிருக்க அவனுக்கு உரிமை உண்டு. கால் அளவையாவது அனுப்பச் சொல் என்று அக்காவிடம் சண்டை போட்டேன். இரண்டு வாரம் சண்டை போட்ட பிறகு வந்தது.

சொரைதா காகிதத்தை வெட்டவில்லை. மூக்குக்கண்ணாடியை இறக்கி என்னைப் பார்த்தாள்.

"யாருக்கு வாங்கறே ராசா?"

"பையனுக்கு."

"பையனா? முப்பது வருஷமா காகிதக் காலப் பாத்துட்டு உக்காந்திருக்கேன். இது பொம்பளக் கால். பேனாவ வெளிய தள்ளிப் புடிச்சு பெருசாக்கியிருக்கா. உண்மையச் சொல்லு, அங்க எவள வெச்சிருக்கே?"

ஷூ போட்டுப் பார்த்துக்கொண்டிருந்த ஒருவன் சிரித்தான். நானும் சிரித்துக்கொண்டே காகிதத்தை என் பக்கம் திருப்பினேன்.

கோடு ஓரிடத்தில் மட்டும் வெளியே போகவில்லை. பெருவிரலின் அடியில், எலும்பு துருத்தும் இடத்தில், பேனா தோலை ஒட்டியே வந்திருந்தது. பேனா இடித்து வலித்திருக்கும். சட்டென்று அந்த இடத்தைத் தாண்டியிருக்கிறாள்.

எனக்குத் தெரிந்த எலும்பு. வெனிசுவேலாவிலிருந்து வந்ததும் நானே சரிசெய்கிறேன் என்று அக்காவிடம் சொல்லிவிட்டுப் போயிருந்தேன்.

கடையிலேயே நின்று போன் செய்தேன். மூன்றாவது தடவை கிடைத்தது.

"அக்கா, இந்தக் காகிதத்துல இருக்கறது உன் காலு."

பின்னால் யாரோ வாளியில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்கள்.

"யாஸ்னியல் எங்க?"

தண்ணீர் ஊற்றுவதை நிறுத்தச் சொன்னாள்.

"உன்கிட்டதாண்டா வந்தான்."

சொரைதா சிரித்தவனைக் கையசைத்து வெளியே போகச் சொன்னாள்.

"பிப்ரவரி ரெண்டாந்தேதி" என்றாள் அக்கா. "ஹருக்கோ பக்கத்துலேந்து படகு. எட்டுப் பேரு. பட்டாளத்துக்குப் போக மாட்டேன்னான். அங்க போயி நானே கூப்பிடறேன், அதுவரைக்கும் அப்பாகிட்ட மூச்சு விடாதன்னான். நான் என்னடா பண்ணட்டும், எவெலியோ?"

அன்று மார்ச் இருபத்தாறு. அந்தக் கடலைத் தாண்ட இரண்டு நாள் போதும்.

இன்னும் ஒரு கேள்வி இருந்தது. வாய் வரைக்கும் வந்து நின்றது. நான் கேட்காமலே அவள் சொன்னாள்.

"மத்த ஏழு வீட்டுக்கும் தெனம் நடந்து போயிட்டு வரேன். கதவத் தொறந்ததும் சேதி வந்துச்சான்னு அவங்க என்னைக் கேக்கறாங்க."