ஒரே ஆள்

முக்கால் மணி நேரம் பாட்டைக் கேட்க வைத்த பிறகுதான் விமான நிறுவனத்துப் பெண் லைனில் வந்தாள்.

"பாஸ்போர்ட்ல வெறும் இனிஷியல்தாம்மா இருக்கு. டிக்கெட்ல எங்கப்பா பேரே முழுசா வந்துடுச்சு. அவர் போய்ச் சேர்ந்து பத்து வருஷமாச்சு. அவர் எதுக்கு என்கூட வரணும்? எடுத்துடுங்க."

"புக் பண்ணது யாரு சார்?"

"நான்தான்" என்றார் சுரத்தில்லாமல்.

"டிக்கெட்ல பேரைத் தொட முடியாது சார். ரெண்டும் ஒரே ஆளோட பேருதான்னு அரசாங்க ஆபீஸ்ல சர்டிபிகேட் வாங்கிட்டு வாங்க. விட்டுடுவோம்."

"அங்கயா? ஒரு கையெழுத்துக்கு ஆறு மாசம் இழுத்தடிப்பாங்கம்மா. பொண்ணு பிரசவத்துக்குப் போறேன். வெள்ளிக்கிழமை ஃப்ளைட்."

"அந்த ஆபீஸ்ல தெரிஞ்சவங்க யாரும் இல்லையா சார்?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். கவுன்ட்டர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம், காலையிலிருந்து நின்ற வரிசை அவர் எப்போது போனை வைப்பார் என்று பார்த்துக்கொண்டிருந்தது.

"அந்தக் கையெழுத்தைப் போடறதே நான்தாம்மா."

"அப்புறம் என்ன சார், இப்பவே போட்டுக்குங்க."

அவர் குரல் இறங்கியது.

"சொந்த கேஸ்னா மேலாபீஸுக்குத்தான் அனுப்பணும்னு போன மாசம் சர்க்குலர் விட்டதும் நான்தாம்மா."