ஸ்டோல்ட்ஸ் கடைக் கண்ணாடி

“கையெழுத்தைப் போட்டுட்டுக் கடையைச் சாத்திடுங்க, ஸ்டோல்ட்ஸ். வெளியில கல்லோட நிக்கறாங்க.”

போலீஸ் சார்ஜென்ட் ராம்ஸ்டன் பதிவேட்டை நீட்டியபடி கெஞ்சாத குறையாகச் சொன்னார். ஜெர்மனியோடு போர் மூண்டதிலிருந்து அந்த யார்க்‌ஷயர் ஊரில் ஜெர்மன் பெயர்ப்பலகை இது ஒன்றுதான் மிச்சம்: ‘ஹெர்மன் ஸ்டோல்ட்ஸ், பியானோ ஏஜென்சி’. ஜெர்மன்காரர்கள் காவல் நிலையத்தில் பதிந்துகொள்ள வேண்டும் என்பது உத்தரவு. ஸ்டோல்ட்ஸ் மட்டும் இன்னும் வரவில்லை.

“மன்னிக்க வேண்டும், ஐயா. அதில் நான் கையெழுத்திடுவது முறையாகாது.” வழக்கம்போல் குதிகால்களைச் சேர்த்து விறைப்பாக நின்றார் ஸ்டோல்ட்ஸ்.

“முறையாவது ஒண்ணாவது. போர் வந்தப்புறம் ஒரு பியானோ வித்தீங்களா? தேவாலயத்துலகூட ஆர்டரை ரத்து பண்ணிட்டாங்க. நீங்க பியானோ வாசிச்சே எதிரிக்குச் சேதி அனுப்பறீங்களாம். வெள்ளைக் கட்டை தட்டினா கப்பல், கறுப்புக் கட்டை தட்டினா பீரங்கி.”

“யார் சொன்னது?”

“என் மாமியார்தான்.” சார்ஜென்ட் குரலைத் தாழ்த்தினார். “எங்க வீட்டுல உங்க பியானோவைப் போர்வை போட்டு மூடி வெச்சிருக்கோம். ‘அசல் ஜெர்மன்’னு தெரு பூரா பீத்திக்கிட்டவ என் பெஞ்சாதி. இப்போ மூச்சு விடறதில்ல.”

“சார்ஜென்ட், கொஞ்சம் நகருங்க,” வாசலிலிருந்து கசாப்புக் கடை ஏக்ராய்ட் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். “உங்க மேல பட்டுடப் போவுது.”

அவர் பக்கத்தில் திருமதி மிட்ஜ்லி அரைச் செங்கல்லோடு நின்றாள்.

ஸ்டோல்ட்ஸ் தன் கடையின் பெரிய கண்ணாடியை ஒருமுறை பார்த்தார். பிறகு சார்ஜென்ட்டை விலக்கிக்கொண்டு வாசலுக்குப் போனார்.

“அட, நிறுத்துங்கப்பா. நான் ஆல்பர்ட் கிளெக். பக்கத்துல பார்ன்ஸ்லிக்காரன். எங்கப்பா கரிச் சுரங்கத்துல வெட்டினவரு. நம்மூருப் பேரு வெச்ச கடையில ஒருத்தராவது பியானோ வாங்கினீங்களா? அதான் இந்தப் பேரு, இந்த முறுக்கு மீசை, எல்லாம். ஜெர்மனியாம் ஜெர்மனி, நான் கடலையே ஒருதரம்தான் பாத்திருக்கேன்.”

பார்ன்ஸ்லிப் பேச்சுதான், சந்தேகமே இல்லை. ஏக்ராய்ட் வாய்விட்டுச் சிரித்தார். “அடப்பாவி, நம்மாளா நீ?” கற்கள் ஒவ்வொன்றாகத் தரையில் விழுந்தன. சார்ஜென்ட் தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

“அப்போ பியானோ?” என்றாள் திருமதி மிட்ஜ்லி.

“அதுவும் நம்ம நாட்டுச் சரக்குதாம்மா. லண்டன்ல செஞ்சது. ஒரு ஆணிகூட ஜெர்மன் கிடையாது,” என்றார் கிளெக் பெருமையோடு.

சிரிப்பு நின்றது.

“எங்க வீட்டுல இருக்கறதுமா?” என்றார் சார்ஜென்ட்.

“எல்லாந்தான்.”

கீழே போட்ட கற்களைத் தேடி எல்லோரும் குனிந்தார்கள். முதலில் நிமிர்ந்தவர் சார்ஜென்ட் ராம்ஸ்டன். அவர் கையில் திருமதி மிட்ஜ்லியின் அரைச் செங்கல் இருந்தது.