பலே பூட்டு

சட்டைப் பையில் போன் சிணுங்கியபோது முருகையன் நாற்றங்காலில் முழங்கால் சேற்றில் நின்றுகொண்டிருந்தார்.

வரப்பில் நின்ற அவர் மகள் செந்தாமரை ஓரடி முன்னால் வந்தாள். காலையிலிருந்து அவள் காத்திருந்தது அந்த ஒரு மெயிலுக்காகத்தான்.

அப்பா கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, பாலிதீன் பையில் சுற்றி வைத்திருந்த போனை எடுத்தார். அவள் கையை நீட்டினாள். அவர் பார்க்காத மாதிரி அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

இரண்டு மாதமாக விடாத இருமல். ஆள் பாதியாகிவிட்டார். தஞ்சாவூரில் நுரையீரலிலிருந்து துளிச் சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பியிருந்தார்கள். செந்தாமரை வேலை பார்ப்பது காப்பீட்டுக் கம்பெனியில். அப்பாவின் வைத்தியச் செலவும் அதன் பொறுப்புதான், சோதனை முடிவு வருவதும் அதன் மெயிலில்தான்.

அவளுக்கு ஜெர்மனியில் வேலை கிடைத்திருந்தது. மறுநாள் விமானம். ரிப்போர்ட்டில் ஏதாவது இருந்தால் போகவே மாட்டேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள். அதைக் கேட்ட நாளிலிருந்து அப்பா அவள் எதிரில் இருமுவதையே விட்டுவிட்டார். கொல்லைப்பக்கம் போய் இருமிவிட்டு வருவார்.

கம்பெனியின் மெயின்ஃப்ரேம் அவள் பிறப்பதற்கு முன்பே ஓட ஆரம்பித்த கிழட்டு ராட்சசக் கம்ப்யூட்டர். அதிலிருந்து கிளம்பும் மெயில்கள் எல்லாம் தபால் கார்டு மாதிரி திறந்தே போய்க்கொண்டிருந்தன. யாருக்கு என்ன நோய் என்று வழியில் எவனும் படிக்கலாம். அவற்றுக்குப் பூட்டுப் போடுகிற வேலையைத்தான் பூதலூர் வீட்டில் உட்கார்ந்தபடி அவள் செய்து முடித்திருந்தாள்.

எதைப் பூட்டுவது, எதை விடுவது என்ற விதியும் அவள் எழுதியதுதான். பூட்டியதை அவரவர் ரகசிய நம்பரைப் போட்டால்தான் திறக்க முடியும். அப்பாவின் நம்பர் அவளுக்குத் தெரியாது. ஊருக்கெல்லாம் பூட்டுப் போட்டவள், இப்போது அப்பாவின் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அவர் விரலால் மெதுவாக எதையோ தட்டினார். வெகுநேரம் படித்தார். வாய்க்கால் தண்ணீர் மடையில் சலசலத்துக்கொண்டிருந்தது.

திரும்பியபோது முகமெல்லாம் பல்.

"ஒண்ணுமில்லம்மா, எல்லாம் நல்லாருக்குன்னு போட்டிருக்கான்! ஒன் பூட்டு பலே பூட்டுதான் போ, நம்பரப் போட்டாத்தான் தொறக்குது. போய்ப் பொட்டியக் கட்டு."

முருகையன் பொய் சொன்னால் மூக்கு நுனியிலேயே தெரிந்துவிடும் என்று அம்மா கேலி செய்வாள். அன்றைக்கு மூக்கில் ஒன்றும் தெரியவில்லை. அவ்வளவு நன்றாகச் சிரித்தார்.

"சரிப்பா" என்று செந்தாமரையும் சிரித்தாள்.

அவர் போனைப் பையில் போட்டுக்கொண்டு, குனிந்து நாற்றுப் பறிக்க ஆரம்பித்தார்.

வீட்டுக்கு வந்ததும் அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பாதி கட்டி வைத்திருந்த பெட்டியை இழுத்துத் திறந்தாள். கம்பளிச் சட்டையை எடுத்து பீரோவில் வைத்தாள். அம்மா சுற்றிக் கொடுத்த பருப்புப்பொடியை அடுப்படியில் கொண்டுபோய் வைத்தாள்.

ஒன்றுமில்லை என்று போகிற மெயிலுக்குப் பூட்டே வேண்டாம், அப்பா மாதிரி ஆட்கள் நம்பர் மறந்துபோய்த் திண்டாடக் கூடாது என்று அந்தக் கிழட்டுக் கம்ப்யூட்டருக்குச் சொல்லிவைத்தவள் அவள்தான்.