கோமதித்தாய் போட்ட ஊசி

"யாராவது கேட்டா, பச்சிலை மருந்துன்னு ஒரு வார்த்தை சொல்லிருங்க. அதுல உங்களுக்கு என்ன நட்டம்?" என்றான் காசிராஜன்.

நர்ஸ் தங்கப்பழம் கொதிக்கிற தண்ணீரிலிருந்து ஊசியை இடுக்கியால் எடுத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்தே பார்க்கவில்லை.

"நானா வலிய வந்து சொல்ல மாட்டேன். கேட்டா உள்ளதைத்தான் சொல்லுவேன்."

காசிராஜனின் அண்ணன் ஆவுடையப்பன், சங்கரன்கோவில் ஆஸ்பத்திரியில் காலில் ஆறாத புண்ணோடு சேர்ந்து நாலு நாளாகிறது. சர்க்கரை வியாதி. நீல மருந்தில் சிறுநீரை விட்டுக் காய்ச்சினால், சர்க்கரை மிஞ்சிச் செங்கல் நிறத்துக்கு வந்தது. தினம் ரெண்டு வேளை இன்சுலின் போடாவிட்டால் கால் மிஞ்சாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லி, சேர்ந்த அன்றே போட ஆரம்பித்திருந்தார்.

இன்சுலின் மாட்டின் உடம்பிலிருந்து எடுப்பது. ஆவுடையப்பன் வீடோ, தெருவில் முட்டை ஓடு கிடந்தால்கூடச் சுற்றிப் போகிற சைவம்.

அன்று சாயங்காலமே கேள்வி வந்துவிட்டது. கேட்டவள் ஆவுடையப்பனின் மனைவி கோமதித்தாய்.

"இதை எதுல இருந்து எடுக்காங்க நர்ஸம்மா?"

வாசலில் நின்ற காசிராஜன் கண்ணைக் காட்டினான். தங்கப்பழம் அவன் பக்கம் திரும்பவில்லை.

"மாட்டு வயித்துக்குள்ள கணையம்னு ஒண்ணு இருக்கும்மா. அதுல இருந்து."

கோமதித்தாய் வாய் திறப்பதற்குள் ஆவுடையப்பன் எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

"எடுத்துட்டுப் போங்க. உசிரே போனாலும் இனி இது என் உடம்புல ஏறக் கூடாது."

அரைமணி நேரத்தில் வில்வண்டி வந்தது. அவரைத் தூக்கி உட்காரவைத்து வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

கிறிஸ்தவ வேதக்கார நர்ஸ் வேண்டுமென்றே ஒரு சைவக் குடும்பத்தைக் கலைத்துவிட்டாள் என்று காசிராஜன் ரதவீதி முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தான். மேலிடத்துக்கு மனுவும் போட்டான். கொஞ்சம் நயமாகச் சமாளித்திருக்கலாமே என்று டாக்டர் அவளிடம் வருத்தப்பட்டார்.

"ஒரு ஊசியைப் பொய் சொல்லிப் போட்டா, தெரிய வாற அன்னைக்கு ஊரே எல்லா ஊசியையும் சந்தேகப்படும் சார். மாத்தல் வந்தா போயிக்கிடுதேன்" என்றாள் தங்கப்பழம்.

வாய்தான் அப்படிச் சொன்னது. ஆவுடையப்பனின் புண்பட்ட காலை நினைத்து நினைத்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

மூன்றாம் நாள் காலையில், ஆஸ்பத்திரி திறக்கும் முன்பே கோமதித்தாய் தனியாக வந்து நின்றாள். சண்டைக்குத்தான் வந்திருக்கிறாள் என்று தங்கப்பழம் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"எனக்கு ஊசி போடச் சொல்லிக் குடுங்க" என்றாள் கோமதித்தாய்.

"அண்ணாச்சி சம்மதிச்சிட்டாங்களா?"

"அவுககிட்டச் சொல்லலை. மதுரை வைத்தியர் குடுத்தனுப்பின மூலிகை ஊசின்னு சொல்லப் போறேன்."

அவருக்குத் தெரியாமல் போடுவது சரியில்லை என்று தங்கப்பழம் எடுத்துச் சொன்னாள். கோமதித்தாய் கேட்டுக்கொண்டுதான் நின்றாள். ஆனால் குரல் இறங்கவில்லை.

"அவுக சைவத்தைக் காப்பாத்தட்டும். நான் அவுகளைக் காப்பாத்திக்கிடுதேன். பாவம் வந்தா என் தலையில வரட்டும். கோமதியம்மனே கேட்டாலும், நேருக்கு நேர் நின்னு பதில் சொல்லிக்கிடுவேன்."

தங்கப்பழம் டாக்டரிடம் போய் விஷயத்தைச் சொன்னாள். அவர் சிரித்துக்கொண்டே மருந்துக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார்.

புளியங்குடி எலுமிச்சம்பழத்தில் குத்திப் பழகினாள் கோமதித்தாய். ஊசியைக் கொதிக்க வைப்பது, கோடு எண்ணி மருந்தை இழுப்பது, தொடையில் நேற்றுக் குத்தின இடத்தை விட்டுத் தள்ளிக் குத்துவது என்று ஒவ்வொன்றாகத் தங்கப்பழம் காட்டிக் கொடுத்தாள். குத்தின அரைமணிக்குள் சாப்பாடு கொடுத்தாக வேண்டும். வேர்த்து நடுக்கம் கண்டால் உடனே கருப்பட்டித் தண்ணீர். புட்டியை ஈரமணலில் புதைத்த சட்டிக்குள் குளிர்ச்சியாக வைக்க வேண்டும். மூன்றாம் நாள் முதல், மூலிகை ஊசி என்று சொல்லி வீட்டில் அவளே போட்டாள்.

இதற்குள் மனுவுக்கு விளக்கம் கேட்டு மேலிடத்திலிருந்து தாள் வந்தது. 'கேட்டார்கள், உள்ளதைச் சொன்னேன்' என்று ஒரே வரியில் எழுதி அனுப்பினாள் தங்கப்பழம். அதோடு சரி, அப்புறம் ஒரு பேச்சும் இல்லை.

ஒன்றரை மாதம் போயிருக்கும். ஆவுடையப்பன் கம்பை ஊன்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குத் தனியாக நடந்து வந்தார். புண் நன்றாக மூடியிருந்தது. தங்கப்பழம் சிறுநீரைக் காய்ச்சிப் பார்த்தாள். நீலம் நீலமாகவே நின்றது.

அவர் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"ஊசி முனை மழுங்கிப் போச்சு நர்ஸம்மா. எனக்கு வலிக்குதுன்னு அவ முகம் சுண்டிப் போவுது. புதுசா ஒண்ணு அவகிட்டக் குடுத்துவிடுங்க."

தங்கப்பழம் காய்ச்சின குழாயைக் கீழே வைத்துவிட்டு அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"மாட்டு மருந்துன்னு எனக்குத் தெரியும்மா. இங்க சேர்ந்த அன்னைக்கே டாக்டர்கிட்டக் கேட்டுக்கிட்டேன். தெரிஞ்சுதான் அந்த நாலு நாளும் போட்டுக்கிட்டேன், இப்பமும் தெரிஞ்சுதான் போட்டுக்கிடுதேன். அவகிட்ட மட்டும் சொல்லிராதீங்க."

"பின்ன ஏன் அண்ணாச்சி அன்னைக்கு அந்தச் சத்தம் போட்டீங்க?"

ஆவுடையப்பன் தலையைக் குனிந்துகொண்டார்.

"அது சைவத்துக்காக இல்லம்மா. இது ஏறின உடம்பை அவ தொட மாட்டாளோன்னு பயந்துட்டேன்."