அழிந்த பக்கம்

கடல் மீன்களின் ஊர்ப்பெயர்களைப் பலர் கூடி எழுதிவந்த இணையத் தொகுப்பில் ஜெபசீலி அன்றுதான் சேர்ந்திருந்தாள். ஊளி மீனுக்குத் தங்கள் கரையில் வழங்கும் பெயர் அதில் விட்டுப்போயிருந்தது. அதைச் சேர்க்கப் போனவள், எங்கேயோ விரல் பட்டு, பக்கம் முழுவதையும் அழித்துவிட்டாள். யார் யாரோ வருடக்கணக்கில் எழுதியது. ஊளியின் பெயரைச் சேர்க்க வந்து இப்படி ஆனதற்கு மன்னிப்புக் கேட்டு, விலகிக்கொள்வதாக அங்கேயே நாலு வரி எழுதிவிட்டுத் தன் கணக்கை மூடப் போனபோது, சேரும்போது கொடுத்திருந்த எண்ணுக்கு அழைப்பு வந்தது. பேசியவன் கோமகன், புதியவர்களுக்கு உதவும் தன்னார்வலன்.

“அக்கா, வெளிய போயிடாதீங்க. திரையப் பாருங்க.”

அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மீன்கள் அத்தனையும் திரும்பி வந்தன. அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

“இப்ப மறுபடியும் அழிங்க” என்றான்.

“ஐயோ, நான் மாட்டேன் தம்பி!”

“அழிங்கக்கா. எப்படித் திருப்பிக் கொண்டாறதுன்னு நீங்களே செஞ்சு பாக்கணும்ல.”

அழித்தாள். அவன் சொல்லச் சொல்லப் பழைய பதிப்பைத் தேடி எடுத்தாள். இம்முறை பக்கம் அவள் கையாலேயே மீண்டு வந்தது.

“இத்தன பேரு உழைப்பு. எங் கையில குடுக்க ஒங்களுக்குப் பயமா இல்லியா?”

“பக்கம் போனா கொண்டாந்துடலாம்க்கா. நீங்க போயிட்டா அந்தப் பேரை யாரு எழுதுவா?”

ஜெபசீலி ஊளியின் வரிக்குப் போய் முதல் எழுத்தை அடித்தாள். மறுமுனையில் அவன் காத்திருந்தான்.