கைப்பக்குவம்

"நீ வறுத்தா கோழி இறக்கை தொவண்டு போகுது. இந்த வீடியோவுல பாரு, எப்படி மொறுமொறுன்னு இருக்கு!" கணவன் போனை மனைவியின் முகத்துக்கு நேராக நீட்டினான்.

"சூடா வேணும்னு மூடி வைக்கச் சொல்றது நீங்கதானே? ஆவியில ஊறிடுது."

"சாக்கு சொல்லாத. நானே செஞ்சு காட்டறேன்."

கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் முதன்முறையாக அடுப்படிக்குள் நுழைந்தான். வாணலி எங்கே என்று அவளிடம்தான் கேட்டான். வீடியோவில் எழுத்தில் காட்டியபடி ஈரம் போகத் துடைத்து, இரண்டு முறை பொரித்தான். கடித்ததும் மொறுக்கென்றது.

"முகத்தைக்கூடக் காட்டாத பொம்பள, கை மட்டும்தான் தெரியுது. அவங்க கால் தூசிக்கு வருவியா நீ?" என்றபடி வீடியோவுக்குக் கீழே எழுதினான்: 'உங்க கைக்குத் தங்க வளையல் போடணும்!'

மனைவியின் போன் சிணுங்கியது. படித்துவிட்டு அவனிடம் கையை நீட்டினாள்.

"எப்ப போடுவீங்க?"